தோளில் ஒரு தட்டு

ஏற்காடு
16.12.2024

கோபக்கார அம்மிணி ஆராயிக்கு,

உன் வீட்டுக்காரன் அன்பழகன் எழுதுவது. நான் நலம். கடை நலம். கேமரா நலம். நீ பூட்டிவிட்டுப் போன பீரோகூட நலம். வாழவந்தியில் நீயும் பொன்னுவேல் மச்சானும் நலமா? அண்ணன் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்க ஆள் இல்லை என்று சாக்குச் சொல்லிப் போனாய். பறித்த பழத்துக்கு இந்நேரம் ஊருக்கே காப்பி போட்டிருக்கலாம்.

போன் போட்டால் எடுப்பதில்லை. நேற்று சின்னராஜ் கண்டக்டர் வாழவந்தி டிரிப் முடிந்து வந்ததும் பஸ்ஸை நம் கடை வாசலில் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற மாதிரி உன் தகவலைச் சொன்னார்.

"அண்ணா, அக்கா போன்ல பேசாதாம். பேசுனா நீங்க சிரிக்க வெச்சே காரியத்தச் சாதிச்சிருவீங்களாம். சொல்றது ஏதாச்சும் இருந்தா எழுதிக் குடுக்கச் சொல்லுச்சு. கம்ப்யூட்டர்ல அடிக்கக் கூடாதாம். உங்க கையால எழுதோணுமாம்."

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு அம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன சாமி சண்டை?" என்று கேட்டது. "சண்டையெல்லாம் இல்லீங்க, அவிங்களுக்கு என்ற கையெழுத்து மேல நொம்ப ஆசை" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நான் அஞ்சாவதோடு நின்றவன் என்பது அவர்களுக்குத் தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு நான் ஒரு லெட்டர்கூட எழுதியதில்லை. எழுதியிருந்தால் என் எழுத்தைப் பார்த்துவிட்டு நீ வேறு மாப்பிள்ளை பார்த்திருப்பாய்.

சரி, நடந்ததை நான் ஒரு தரம் எழுதிவிடுகிறேன். தப்பு இருந்தால் திருத்து.

எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் மகன் கல்யாணம். காலையில் எடுத்த முகூர்த்தத்தை மத்தியானமே வெட்டி ஒட்டி, சாயங்காலம் ரிசப்ஷனில் பெரிய திரையில் போட வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை காலரில் மாட்டுகிற குட்டி மைக்கை, வேலை செய்கிறதா என்று பார்க்க உன் முந்தானையில் குத்தினேன். எடுக்க மறந்துவிட்டேன். மாப்பிள்ளை சொல்கிற மந்திரம் பதிவாகிறது என்று நான் நினைத்திருக்க, நீ சமையல்கட்டில் காபி வாங்கப் போன இடத்தில் பேசியது பதிவாகிவிட்டது. அவசரத்தில் காதில் வைத்துக் கேட்காமல் அப்படியே போட்டுவிட்டேன். திரையில் மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். மண்டபம் முழுக்க உன் குரல்.

"அதையேன் கேக்கறீங்கக்கா. எங்க ஊட்டுக்காரருக்குப் பொண்ணு மொகமும் தெரியறதில்ல, மாப்ள மொகமும் தெரியறதில்ல. எல்லாம் நான் பின்னாடி நின்னு தோள்ல தட்டறதுதான். ஒரு தட்டு தட்டுனா அழுத்துவாரு. ரெண்டு தட்டுனா நிறுத்துவாரு. நான் இல்லீன்னா கல்யாணமே பனிமூட்டந்தான்."

ரைட்டர் சிரித்த சிரிப்பில் பாயசத்தை வேட்டியில் கொட்டிக்கொண்டார். நானும் சிரித்தேன். அந்த மண்டபத்தில் என்னைவிடப் பலமாகச் சிரித்தவர் யாரும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஏதோ ஒரு வார்த்தை வாய் தவறி வந்துவிட்டது. நீ பையை எடுத்தாய். அவ்வளவுதானே?

அந்தத் துண்டு வீடியோ இப்போது ஊரில் எல்லோர் போனிலும் இருக்கிறது. மார்கழி என்பதால் எப்படியும் கல்யாணம் இல்லை. ஆனால் தை வந்துகொண்டிருக்கிறது. தை கடைசியில் லாட்ஜ்கார நந்தினியம்மா மகள் கீர்த்தனாவின் கல்யாணம் இருக்கிறது. அதற்குள் வந்துவிடு. கோயமுத்தூரில் படிக்கிற நம் திவ்யாவிடம், அம்மா காப்பி பறிக்கப் போயிருக்கிறாள் என்று மட்டும்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பனிமூட்டத்தில் நிற்கும்
அன்பழகன்


வாழவந்தி
18.12.2024

மாமாவுக்கு ஆராயி எழுதுவது.

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

திருத்தச் சொன்னீர்கள். திருத்துகிறேன். "ஏதோ ஒரு வார்த்தை" இல்லை. என் காதில் இருக்கிறது, எழுதுகிறேன். "லைட்டுப் புடிக்கிறவளுக்குக் கேமராவப் பத்தி என்னடி பேச்சு?" இதுதான் அந்த வார்த்தை. மைக்கை மாட்டியது நீங்கள். மறந்தது நீங்கள். கேட்காமல் திரையில் போட்டது நீங்கள். பேச்சு வாங்கியது நான்.

சமையல்கார அக்காவிடம் உங்களைக் குறை சொல்லவா போனேன்? காலையிலிருந்து ஒரு வாய் காபி குடிக்காமல் உங்கள் பின்னால் நிற்கிறேனே என்று அந்த அக்கா கேட்டது. ஏன் நிற்கிறேன் என்று சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து லைட்டைப் பிடித்துக்கொண்டு, கேமரா முதுகில் இருக்கிற சின்னத் திரையை உங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கேமரா தானாகத்தான் போகஸ் பிடிக்கிறது. அது பெண்ணின் முகத்தில் பிடிக்கிறதா, மாலையில் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு கண் வேண்டாமா? முன்பெல்லாம் பெண் கண்ணை மூடினால் மட்டும் ரெண்டு தட்டுவேன். போன ஆடியிலிருந்து எல்லாவற்றுக்கும் தட்டுகிறேன். அது உங்களுக்கும் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் மைக்கில் சொன்னது பொய்யா?

அடுத்த லெட்டரைக் கோடு போட்ட தாளில் எழுதுங்கள். கொட்டை எழுத்துப் பேனா வேண்டாம், மெல்லிசுப் பேனாவால் எழுதுங்கள். சக்கரை மாத்திரை டிவி மேலே நீல டப்பாவில் இருக்கிறது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

ஆராயி


ஏற்காடு
23.12.2024

டீச்சரம்மா ஆராயிக்கு,

கோடு போட்ட தாள் வாங்கிவிட்டேன். மெல்லிசுப் பேனாவும் வாங்கிவிட்டேன். கடைக்காரர் "பையனுக்குங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, எனக்குத்தான், வீட்டுப்பாடம்" என்றேன்.

பொய்யா என்று கேட்டாய். பாதிப் பொய். மீதிப் பாதி என்ன என்று கேட்காதே. உனக்குக் குளிர் தாங்காது, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு பழம் பறி.

இங்கே கிறிஸ்துமஸ் லீவு. ஏரியைச் சுற்றிக் கால் வைக்க இடம் இல்லை. நேற்றைக்கு ஒரு சிரிப்பான சங்கதி. போன மாதம் கல்யாணம் எடுத்தோமே, ஓமலூர்ப் பெண், அவர்களுக்கு வெளியில் வைத்து எடுக்கிற படம் பாக்கி இருந்தது. ஏரிக்கரைக்கு வரச் சொன்னேன். நான் போனபோது பனி இறங்கிவிட்டது. சிவப்புச் சேலை, நீலச் சட்டை என்று போனில் அடையாளம் சொல்லியிருந்தார்கள். சிவப்பும் நீலமும் படகுத்துறைப் பக்கம் நின்றன. நான் உற்சாகமாக ஆரம்பித்துவிட்டேன். "மாப்ள, இன்னும் ஒட்டி நில்லுங்க. என்ன கூச்சம்? நேத்துப் பாத்த பொண்ணா? தோள்ல கையப் போடுங்க. கண்ணு, நீ அவரப் பாத்துச் சிரி."

அந்த ஆள் மெதுவாகச் சொன்னார். "சார், இது எங்க அக்கா."

எனக்குப் பின்னால் நிஜமான சிவப்பும் நீலமும் எவ்வளவு நேரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்ததோ தெரியாது. நான் சமாளித்துவிட்டேன். "லைட் சரியா இருக்கான்னு அவிங்களை வெச்சுப் பாத்தேனுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் தம்பியும் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

தைக்குச் சொல்லியிருந்த இரண்டு குடும்பம் வேறு ஆளைப் பார்த்துவிட்டது. "வயசான ஒறவுக்காரரு ஒருத்தர் எடுக்கறேன்னு சொல்லிட்டாருங்க" என்று ஒருவர். இன்னொருவர் காரணமே சொல்லவில்லை. சொல்லாதவர்தான் நல்லவர். நந்தினியம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தம்மா போன் வந்தால் நாலு தரம் அடிக்க விட்டுத்தான் எடுக்கிறேன்.

மாத்திரை சாப்பிடுகிறேன். நீல டப்பா, பச்சை டப்பா என்று எல்லாவற்றிலும் ஒன்று சாப்பிடுகிறேன். பயப்படாதே, பச்சை டப்பாவில் கற்கண்டு.

உன் வீட்டுப்பாடக்காரன்
அன்பழகன்


வாழவந்தி
26.12.2024

மாமாவுக்கு,

லெட்டரைக் கொடுக்கும்போதே சின்னராஜ் "இது எங்க அக்கா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீங்களே அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அண்ணனும் அண்ணியும் சிரித்தார்கள். நான் களத்தில் காயப்போட்ட பழத்தைக் கிளறப் போய்விட்டேன்.

மாமா, அவர்கள் எவ்வளவு தூரத்தில் நின்றார்கள்? அதை எழுதவில்லையே. அடுத்த லெட்டரில் எழுதாதீர்கள், எனக்குத் தெரியும். நீங்கள் மாப்பிள்ளையின் கையை எடுத்துத் தோளில் வைக்கிற தூரத்தில்தான் நின்று எடுப்பீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். சேலத்தில் கண்ணாஸ்பத்திரி இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வந்துவிடலாம். மார்கழியில் வேலையும் இல்லை. போன ஆடியில் சொன்னேன், "ஆவணி முகூர்த்தம் முடியட்டும்" என்றீர்கள். ஆவணியில் சொன்னேன். ஐப்பசியில் சொன்னேன். ஒவ்வொரு தரமும் ஒரு சிரிப்புச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்து விட்டுவிட்டீர்கள். இந்தத் தரம் நான் வாழவந்தியில் இருக்கிறேன். உங்கள் சிரிப்பு இங்கே எட்டாது.

போகாததற்கு ஒரு காரணம் இருக்கும். அதைச் சொல்லுங்கள். சிரிப்பு இல்லாமல் சொல்லுங்கள்.

ஆராயி

அண்ணி ஒரு பை ஆரஞ்சு கொடுத்து அனுப்புகிறது. அது கடையில் வருகிறவர்களுக்கு. நீங்கள் ஒன்றுதான் சாப்பிட வேண்டும்.


ஏற்காடு
31.12.2024

ஆராயிக்கு,

ஆரஞ்சு வந்தது. ஒன்றுதான் சாப்பிட்டேன். ஒரு நேரத்துக்கு ஒன்று.

சிரிப்பு இல்லாமல் எழுதச் சொன்னாய். மீன் குழம்பை மீன் இல்லாமல் வைக்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது. பார்க்கிறேன்.

எங்கப்பாவை நீ பார்த்ததில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கினார். அவருக்கு முதலில் லைட்டைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிந்தது. அப்புறம் எதிரில் வருகிறவர்கள் குரலாக மட்டும் வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல ஒண்ணும் பண்றதுக்கில்லப்பா" என்று என்னிடம் சொன்னார். அப்பாவிடம்கூட இல்லை, என்னிடம். டவுன் பஸ்ஸில் வரும்போது அப்பா கேட்டார், "என்ன சாமி சொன்னாரு?" நான் "மருந்து விட்டாச் செரியாயிருமாம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் இருந்தவரைக்கும் நான் அவரைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தேன். அப்போது தொற்றிக்கொண்ட பழக்கம்தான் இது.

அந்த டாக்டர் சொன்னதை இன்னொரு தரம் என் காதால் கேட்க வேண்டாம் என்றுதான் போகவில்லை. கேட்காதவரைக்கும் அது இல்லை. கேமரா இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியாது ஆராயி. சிரிப்பு இல்லாமல் இவ்வளவுதான் எழுத முடிகிறது.

நந்தினியம்மா நேற்றுக் கடைக்கு வந்தது. கதவில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது, குரல் கேட்டதும்தான் எழுந்தேன். "அண்ணா, தை மாசத்துக்கு எல்லாம் ரெடிதானுங்களே?" என்றது. அதோடு "அக்காவக் காணோமே?" என்றது. "ரெடிங்க. அக்கா அண்ணனூட்டுக்குப் போயிருக்குது" என்றேன். அந்தம்மா இன்னும் ஏதோ கேட்க வந்து கேட்காமல் போனது.

முந்தாநாள் அடிவாரத்தில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். ஸ்கூட்டியில் போய் எடுத்துவிட்டுப் பொழுதோடு திரும்பிவிட்டேன். வழியில் விசேஷம் ஒன்றும் இல்லை.

புது வருசம் நல்லபடியாக இருக்கட்டும்.

அன்பழகன்


வாழவந்தி
2.1.2025

மாமா,

வழியில் விசேஷம் ஒன்றும் இல்லையா?

சின்னராஜ் சொல்லாமல் மறைக்கத்தான் பார்த்தார். அவர் தம்பி அன்றைக்குச் சேலம் பஸ்ஸில் டிரைவர். அந்த பஸ் உங்கள் பின்னால் வந்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் பொழுது சாய்கிற நேரம். ரோட்டில் கறுப்பாக ஒன்று நின்றிருக்கிறது. நீங்கள் வேன் என்று நினைத்து ஹாரன் அடித்திருக்கிறீர்கள். நகரவில்லை. இறங்கிக் கிட்டே போய், "அண்ணா, கொஞ்சம் ஓரமா எடுங்க" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

காட்டெருமை மாமா.

பஸ் டிரைவர் லைட்டைப் போட்டு ஹாரனை அழுத்தியதும் அது தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கிப் போயிருக்கிறது. நீங்கள் பஸ்ஸைப் பார்த்துக் கும்பிட்டு, "நல்ல மனுசன், சொன்னவுடனே எடுத்துட்டாரு" என்று சொன்னீர்களாம். பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லையாம். இதைச் சொல்லும்போது சின்னராஜுக்கும் சிரிப்பு வரவில்லை. நான் கையில் இருந்த கூடையைக் கீழே போட்டேன். பழமெல்லாம் சரிவில் உருண்டது.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். போனில் பேசாமல் ஏன் லெட்டர் எழுதச் சொன்னேன் என்று நினைத்தீர்கள்? உங்கள் சிரிப்புக்குப் பயந்து என்று சின்னராஜிடம் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் உங்கள் எழுத்தைப் பார்க்கத்தான் கேட்டேன். முதல் லெட்டர் வெள்ளைத் தாளில் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் கோடு போட்ட தாள். மெல்லிசுப் பேனா. கிறிஸ்துமஸ் லெட்டரில் ஒரு வரிகூடக் கோட்டின் மேல் உட்காரவில்லை. இந்த லெட்டரில் உங்கப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அங்கே ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறி நிற்கிறது. இரண்டையும் பிரித்துப் படிக்க எனக்கு ஒரு பொழுது ஆயிற்று. படித்துவிட்டு அழுதேன். உங்கப்பாவுக்காகவா வரிக்காகவா என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்ன வார்த்தைக்காக மட்டும் நான் வரவில்லை என்று நினைக்காதீர்கள். வந்தால் மறுபடி உங்கள் தோளில் தட்டுவேன். நான் தட்டுகிறவரைக்கும் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டீர்கள். உங்களுக்கு என் கண் இருக்கிறது என்று தைரியம். அதனால்தான் கையை எடுத்துக்கொண்டேன்.

கண்ணைக் காட்டுங்கள். டாக்டர் என்ன சொன்னாலும் சரி. சொன்னதை எனக்கு எழுதுங்கள். அதுவரைக்கும் ஸ்கூட்டியைத் தொடக் கூடாது. சாவியைச் சின்னராஜிடம் கொடுத்து அனுப்புங்கள்.

ஆராயி


வாழவந்தி
9.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சாவி மட்டும் வந்தது. லெட்டர் வரவில்லை.

கடை மூன்று நாளாகப் பூட்டியிருக்கிறது என்கிறார் சின்னராஜ். பக்கத்துக் கடையில் கேட்டால் "காலையில பஸ்ஸுக்குப் போனாரு" என்கிறார்களாம். எந்த பஸ் என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் சேலம் போனீர்களா, வேறு எங்காவது போனீர்களா? பேசக் கூடாது என்று அரிசி டின்னில் போட்டு வைத்திருந்த போனை எடுத்துவிட்டேன். சிக்னலுக்காக மேட்டுக்கு ஏறி நின்று உங்களுக்குப் போட்டேன். சுவிட்ச் ஆப் என்கிறது. திவ்யாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "அப்பா ஜோக் சொல்லிட்டு வெச்சுட்டாரு" என்கிறாள். என்றைக்கு என்று கேட்டால் ஞாயிற்றுக்கிழமை என்கிறாள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கையை எடுத்துக்கொண்டேன் என்று எழுதியது உங்களுக்கு வலித்திருக்கும். எனக்கும் வலித்தது. டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டாரா? சொன்னால் சொல்லட்டும். உங்கப்பாவிடம் நீங்கள் சொன்ன மாதிரி என்னிடம் மட்டும் "மருந்து விட்டால் சரியாகிவிடும்" என்று எழுதாதீர்கள்.

ஒரு வரி போதும். வரி எங்கே ஏறினாலும் பரவாயில்லை. நான் படித்துக்கொள்கிறேன்.

உங்கள்
ஆராயி


ஏற்காடு
12.1.2025

அன்புள்ள ஆராயிக்கு,

நீ இந்த முறை "அன்புள்ள" போட்டிருக்கிறாய். அந்த ஒரு சொல்லை மட்டும் பக்கத்துக் கடைக்காரரைப் படிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டேன். மீதியை நானே படித்தேன்.

இந்த லெட்டர் உனக்குக் கிறுக்கலாக இருக்கும். கொட்டை எழுத்துப் பேனாவால் எழுதுகிறேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

முதல் நாள் சேலம் பஸ் ஏறினேன். அடிவாரம் வந்ததும் கால் தானாக இறங்கிவிட்டது. ஒரு டீ குடித்துவிட்டு எதிர் பஸ்ஸில் மேலே வந்துவிட்டேன். மறுநாளும் அடிவாரம்தான். டீக்கடைக்காரர், "ஏனுங்க, டீ குடிக்கவா தெனமும் மலை எறங்கறீங்க? மேலயே ஒரு கடை போட்டுத் தரட்டுங்களா?" என்றார். மூன்றாம் நாள் கண்டக்டரிடம், "நான் அடிவாரத்துல எந்திரிச்சா உக்கார வெச்சிருங்க" என்று முன்னாடியே சொல்லி வைத்தேன். அவர் நிஜமாகவே தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா, "அந்தச் சுவத்துல கடைசி வரியப் படிங்க" என்றது. "எந்தச் சுவத்துலம்மா?" என்றேன். அது சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரிக்காத டாக்டர்தான் நல்ல டாக்டர் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். சக்கரை ஏகத்துக்கு ஏறியிருந்ததால் அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். போனில் சார்ஜ் தீர்ந்துபோனது. கேட்டிருந்தால் யாராவது சார்ஜர் கொடுத்திருப்பார்கள். உன் குரலைக் கேட்டால் எழுந்து ஓடி வந்துவிடுவேன் என்று பயந்து கேட்கவில்லை.

இப்போது சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். எங்கப்பாவிடம் சொன்ன மாதிரி இல்லை. இடது கண்ணில் புரை. அதை எடுத்துவிடலாம், நன்றாகத் தெரியும் என்கிறார்கள். வலது கண்ணில் சக்கரை வேலையைக் காட்டிவிட்டது. ஊசி போட்டு இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது வராது. ஆடியிலேயே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டரம்மா. இத்தனை வருசமாகக் கேமராவில் வைத்துப் பார்த்தது அந்த வலது கண்தான். இடது கண்ணை மூடிக்கொண்டு மூடிக்கொண்டு அதற்குக் கோபமாக இருந்திருக்கும். இப்போது அது வந்தால்தான் எனக்குப் பிழைப்பு.

ஆஸ்பத்திரியை விட்டு வருகிற நாளிலும் சோதிக்கிறோம் என்று கண்ணில் சொட்டு விட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு போர்டும் தெரியவில்லை. வெளிச்சமெல்லாம் கரைந்து ஓடுகிறது. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம், "ஏற்காடு பஸ் எங்கம்மா நிக்கும்?" என்றேன். "உங்க முன்னாடிதானுங்க நிக்குது" என்றது. அப்போது ஒரு சிரிப்பும் வாயில் வரவில்லை ஆராயி. கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தேன். வளைவு வளைவாக பஸ் ஏறும்போது யாராவது தோளில் கை வைக்க மாட்டார்களா என்று இருந்தது.

மேலே வந்ததும் நேராக நந்தினியம்மா லாட்ஜுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு வலது கண்ணு போச்சுங்க, இடது கண்ணுக்கு ஆப்பரேஷன். கீர்த்தனா கல்யாணத்துக்கு நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க" என்றேன். அந்தம்மா என்ன சொன்னது தெரியுமா?

"அண்ணா, அந்த வீடியோவ நாங்களும் பாத்தோமுங்க. அதுல அக்கா பேசறதக் கேட்டதுக்கப்புறம் எங்க கீர்த்தனா, 'இவிங்கதாம்மா வேணும், ரெண்டு பேரும் சேந்து பாத்துப் பாத்து எடுக்கறாங்க'ன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. அன்னிக்குக் கடைக்கு வந்ததே அக்கா வருவாங்களான்னு கேக்கத்தான். அக்கா வரலீன்னாத்தான் நாங்க வேற ஆளப் பாக்கோணும்."

நான் அங்கேயே லாட்ஜ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு நாளும் அந்தம்மா போனுக்குப் பயந்து செத்தேனே.

பொங்கல் கழிந்து 23ஆம் தேதி வியாழக்கிழமை ஆப்பரேஷன். கல்யாணத்துக்குள் கண் ஆறிவிடும், ஆனால் கேமராவில் வைத்து அழுத்திப் பார்க்கக் கூடாது என்கிறார்கள். அதனால் ஒரு யோசனை. நீ கேமராவைப் பிடி. உனக்குத் தெரியாததா? எல்லாப் படத்தையும் எனக்கு முன்னால் பார்த்தவள் நீ. நான் லைட்டைப் பிடிக்கிறேன்.

லைட்டுப் பிடிக்க என்ன தெரிய வேண்டும் என்று ஒரு மடையன் வீட்டுக்குள் கத்தினானே, அவனை நேற்று கடையில் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தேன். சுவரில் மாட்டியிருக்கிற நம் திவ்யா படத்துக்கு நேராகப் பிடித்தான். ஒரு முகூர்த்த நேரம்கூட நிற்க முடியவில்லை. தோள்பட்டை இன்னும் கடுக்கிறது. வெளிச்சமும் திவ்யா முகத்தில் விழாமல் காலண்டரில் விழுந்தது. அவனுக்கு நீ எத்தனை தட்டுத் தட்டினாலும் தகும்.

கல்யாணத்தன்று நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்.

உன்
அன்பழகன்


வாழவந்தி
16.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

லெட்டர் வந்தது. பொங்கலுக்கு அண்ணன் வீட்டில் எல்லோரும் இருந்ததால் படித்துவிட்டு அழ இடமில்லை. காப்பிச் செடிக்குள் போய் நின்றேன்.

வலது கண்ணில் போனது போனதுதான் என்று மறைக்காமல் எழுதினீர்கள். அதற்கு நான் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆடியிலேயே உங்களை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். உங்கள் சிரிப்புக்கு நானும்தான் சிரித்தேன். இனி மூன்று மாதத்துக்கு ஒரு தரம் நான் கூட்டிப்போவேன். அடிவாரத்தில் டீ கிடையாது.

எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. பார்த்ததும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்காதீர்கள். கொஞ்ச நாள் அந்தக் கோபத்தோடு நான் வீட்டில் இருக்க வேண்டும்.

கீர்த்தனா கல்யாணத்துக்கு நான் கேமராவைப் பிடிக்கிறேன். எனக்குக் கை நடுங்கும். நடுங்கினால் சிரிக்கக் கூடாது. லைட்டை என் இடது பக்கம் பிடியுங்கள், கொஞ்சம் மேலே. மாலைக்குப் பிடிக்காதீர்கள், முகத்துக்குப் பிடியுங்கள். மைக்கை நானே மாட்டி நானே எடுப்பேன்.

இந்த லெட்டரைச் சின்னராஜ்தான் உங்கள் கையில் கொடுப்பார். என்றைக்கும் போல வாயடிக்காமல் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவர் வந்த பஸ்ஸில்தான் நானும் வந்திருக்கிறேன், பையோடு. நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது நான் கடை வாசலில் நிற்கிறேன்.

தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். பார்த்தாலும் வெளிச்சத்துக்கு எதிரில் யாரோ நிற்கிற மாதிரித்தான் இருக்கும். வேன் என்று நினைத்து ஓரமாக எடுக்கச் சொல்லிவிடுவீர்கள். லெட்டரை மடித்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருங்கள்.

தோளில் ஒரு தட்டு விழும்.

உங்கள்
ஆராயி